துக்கம் கேட்க வந்தவர்கள்

“சித்திரபானு, சித்திரை, வியாழக்கிழமை. மெட்ராஸிலிருந்து உறவு வந்தது. கொல்லை அறை.”

1942-இல் எங்கள் வீட்டிலிருந்த பஞ்சாங்கத்தின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. பால் வராத நாள், மழை கண்ட நாள், காவேரியில் புதுத் தண்ணீர் வந்த நாள் என்று எல்லாவற்றையும் அந்த ஓரங்களில் குறித்து வைப்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குள்ள வழக்கம். அந்தக் குறிப்புகளை நம்பி இன்றும் எந்தத் தேதியையும் சொல்வேன். இந்த ஒன்றில் மட்டும் கிழமையும் அறையும்தான் உண்மை. மெட்ராஸ் பொய், உறவும் பொய். யாராவது பஞ்சாங்கத்தைப் புரட்டினால் என்ன ஆவது என்ற நடுக்கத்தில் எழுதியது. எழுத்தே கோணலாக இருக்கிறது.

வந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. திருச்சி கன்டோன்மென்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். ஆண்பிள்ளை முன்னால் படத்துக்கு உட்கார மாட்டோம் என்றிருந்த ஸ்ரீரங்கத்து மாமிகள் பலரை, வீடு தேடி வந்து படம் பிடித்தவர் அவர்தான். குதிரை வண்டியில் காமிராப் பெட்டியும் முக்காலியுமாக வந்து இறங்குவார். எங்கள் வீதியில் அவருக்குத் துரைசானி என்று பெயர். என் கல்யாணமான புதிதில் என்னைப் படமெடுக்க வந்தவர், அலமாரியில் என் இங்கிலீஷ் புஸ்தகங்களைப் பார்த்துவிட்டுப் பேச உட்கார்ந்தார். அதிலிருந்து இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். ஸ்டூடியோவில் எடுபிடி வேலை செய்தவர்களிடம் கற்ற கடைத்தெருத் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும்.

அவர் வியன்னாவைச் சேர்ந்த யூதர். ஜெர்மன் பட்டாளம் அந்த ஊருக்குள் வந்த வருஷம், அவருடைய கணவரைக் கடையிலிருந்தபடியே கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு தகவலே இல்லை. இவர் கடைக்குப் பின்னால் படம் கழுவும் இருட்டறையில், ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால், ஒளிந்திருந்தார். முன்பக்கத்தில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாயில் துணியை வைத்துக்கொள்வாராம். யார் யாரையோ பிடித்துக் கப்பலேறி பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து திருச்சிக்கு வந்து சேர்ந்தார். வயதான தாயார் வியன்னாவிலேயே தங்கிவிட்டார், யாரோ ஒரு சலவைக்காரி வீட்டுப் பரணில். இதெல்லாம் அவர் ஒரே நாளில் சொன்னதல்ல. சில விஷயங்களை இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார். பரணைப் பற்றி மட்டும் எப்போதும் ஒரே மாதிரிதான் சொன்னார்.

கொழும்பில் குண்டு விழுந்தது என்று பேப்பரில் வந்து, மெட்ராஸே காலியாகிக்கொண்டிருந்த சமயம் அது. லால்குடியிலும் ஸ்ரீரங்கத்திலும் வீட்டுக்கு வீடு மெட்ராஸ் உறவுகள். இரண்டு குடும்பம் இருந்த வீட்டில் ஐந்து குடும்பம். கிணறுகளில் வாளி சேற்றைத் தொட்டது. ஜப்பான்காரன் இறங்கிவிட்டால் நகையை எங்கே புதைப்பது என்பதுதான் பெண்கள் பேச்சு. துரைசானிக்குப் பயம் வேறு. அவரிடம் இருந்தது ஜெர்மன் பாஸ்போர்ட். அவரைத் துரத்தியவர்களின் முத்திரை அதில் இருந்தது. அதனாலேயே, ஜெர்மனியோடு யுத்தத்திலிருந்த நம் சர்க்காருக்கும் அவர் எதிரி. முகாமுக்கு அனுப்பப் போகிறோம், வந்து ஆஜராகு என்று அவருக்குப் போலீஸிலிருந்து உத்தரவு வந்திருந்தது.

உச்சி வெயிலில் வீதியே படுத்துக் கிடந்த நேரத்தில், கொல்லைக் கதவை யாரோ விரலால் தட்டினார்கள். திறந்தேன். துரைசானி கையில் ஒரு துணிப்பையோடு நின்றார். சந்தில் சத்தம் கேட்கக்கூடாது என்று செருப்பைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார். உள்ளங்கால் இரண்டும் வெந்து கொப்புளித்திருந்தன.

“கேம்புன்னு சொல்றாங்க,” என்றார். “என் வீட்டுக்காரரையும் கேம்புன்னு சொல்லித்தாங்க கூட்டிட்டுப் போனாங்க.”

இங்கே முகாம் என்றால் அப்படி இல்லை, சாப்பாடு உண்டு, டாக்டர் உண்டு என்று நான் படித்ததைச் சொன்னேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அந்த முகாமில் ஜெர்மன்காரர்களையும் யூதர்களையும் ஒரே கம்பி வேலிக்குள்தான் வைத்திருக்கிறார்களாம். நாளைக்கு ஜப்பான்காரன் வந்து கதவைத் திறந்தால், எங்களை யார் கையில் கொடுப்பான் என்று கேட்டார். பம்பாயில் அவருடைய ஜனங்கள் நடத்தும் ஒரு சங்கம் ஜாமீன் கொடுத்தால், முகாமுக்குப் போகாமல் அங்கே இருக்கலாமாம். எழுதியிருக்கிறார். பதில் வரும்வரை யாராவது மறைத்து வைக்க வேண்டும்.

என் மாமியார் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரை இழந்து தலையை மழித்து நார்மடி கட்டியவர். மடி ஆசார விஷயத்தில், காயப்போட்ட புடவை மேல் காக்கை உட்கார்ந்தாலும் திரும்ப நனைப்பவர். இவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் விழித்தேன்.

“என்ன கேக்கறா?” என்றார்.

சொன்னேன். போலீஸ் என்றதையும் சொன்னேன்.

“சரணம்னு வந்துட்டா. இதுல நான் யோசிக்க என்ன இருக்கு? கதவைச் சாத்து.” இரண்டடி நடந்தவர் திரும்பினார். “கிணத்துக்கு இந்தண்டை வரப்படாது. அதையும் சொல்லிடு.”

கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. மாதத்தில் மூன்று நாள் நான் விலகி இருக்கும் அறை அது. அதற்கு முன்னால், மாமனார் காலமான பிறகு ஒரு வருஷம் முழுவதும் மாமியார் மூலையில் உட்கார்ந்திருந்ததும் அங்கேதான். அந்த அறைக்குள் ஆண்கள் எட்டிப் பார்ப்பதில்லை. சுமங்கலிகளும் வேலை இல்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை. இவ்வளவு கூட்டமான ஊரில் யாரும் கண்ணைத் திருப்பாத இடம் அது ஒன்றுதான். மாமியாருக்கு அதிலிருந்துதான் யோசனை பிறந்தது. தன் ஒன்றுவிட்ட அக்காவின் பெண், மெட்ராஸில் கணவன் போய்க் காரியமெல்லாம் முடிந்து, குண்டு பயத்தில் இங்கே வந்திருக்கிறாள் என்று சொல்வது. எங்களுக்குத் தீட்டு ஒட்டாத தூரத்து உறவு.

“வருஷம் பூரா அங்க உட்கார்ந்தேன். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலை,” என்றார். தம் நார்மடிப் புடவை ஒன்றை எடுத்துக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தார்.

என் அகத்துக்காரர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. சாயங்கால வண்டியில் வந்தவரிடம் சொன்னபோது, கோட்டைக் கழற்றாமலே ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். யுத்தச் சட்டத்தில் இதற்கு என்ன தண்டனை என்று அவருக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. “அம்மா சொல்லிட்டாளா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பம்பாய்ப் பதில் ஸ்டூடியோவுக்குப் போகாமல் தம் ஆபீஸ் விலாசத்துக்கு வரும்படி மறுநாளே எழுதிப் போட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாச் சத்தமும் வேறாகக் கேட்டது. வாளி கிணற்றுச் சுவரில் இடித்தால் மூவரும் நிமிர்ந்தோம். வாசலில் தயிர்க்காரி கூப்பிட்டால் நான் போய்க் கொல்லைத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். மிளகாய் தாளித்த நெடியில் துரைசானி இருமிவிட்டார், வெள்ளைக்காரர் இருமல், ஆழமாக, அடக்க முடியாமல். அன்றோடு எங்கள் வீட்டில் தாளிப்பு நின்றது. சோற்றை வாழை இலையில் வைத்துத் தரையில் தள்ளுவார் மாமியார். தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவார். துரைசானி இரண்டு கையையும் சேர்த்துக் குடிப்பார். எனக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொன்னேன்.

“அங்கயும் என்னைத் தொடமாட்டாங்க. இங்கயும் தொடமாட்டாங்க,” என்று சிரித்தார். “இங்க சோறு இருக்குதுங்க.”

நாங்கள் செய்த பிசகு முதல் நாள் சாயங்காலமே நடந்துவிட்டது.

எதிர் வீட்டு மாமிக்கு மூக்கும் காதும் கூர்மை. யார் வீட்டில் என்ன குழம்பு என்று தம் வாசலில் நின்றபடியே சொல்வார். அவருடைய கணவர் கலெக்டர் ஆபீஸில் பெரிய உத்தியோகம், போலீஸ்காரர்கள் சல்யூட் அடிக்கும் வீடு. கொல்லைப் பக்கம் யாரோ புதிதாக இருமினார்களே என்று மாமி கேட்டார். மாமியார் தயாராக வைத்திருந்த கதையைச் சொன்னார். மாமி கன்னத்தில் கை வைத்தார்.

“அடப் பாவமே. சின்ன வயசா? நாளைக்கு வெள்ளி, மறுநாள் சனி, துக்கம் கேக்கப்படாது. ஞாயித்துக்கிழமை நாலு பேராச் சேர்ந்து வந்து துக்கம் கேட்டுட்டுப் போறோம், மாமி.”

மாமியார் உள்ளே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஒரு வருஷம் யாரும் வரலைன்னேனே. அதுக்கு முன்னாடி பத்து நாள் ஊரே வந்து அழுதுதே. அதை எப்படி மறந்தேன்?”

வர வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. கல்யாணத்துக்கு வராதே என்றால்கூட ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். துக்கத்துக்கு வராதே என்று எந்த வீட்டிலும் சொன்னதில்லை. சொன்னால் அன்றே வீதி முழுக்க அதுதான் பேச்சு. வெள்ளியும் சனியும் நாங்கள் மூச்சு விட்டதே அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துத்தான். வேறு இடத்துக்குக் கொண்டு போய்விடலாமா என்று அகத்துக்காரர் கேட்டார். ராப்பகலாகச் சித்திரைத் தேருக்காகப் பந்தக்கால், கடை, பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் என்று வீதிகளெல்லாம் நிரம்பியிருந்தன. எங்கே கொண்டு போவது?

சனிக்கிழமை மத்தியானம் மாமியார் கிணற்றின் இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் இருந்தவருக்குப் பாடம் நடத்தினார். முழங்காலை எப்படி மடக்குவது, முக்காட்டை எவ்வளவு இழுப்பது, கேட்டால் பதில் சொல்லாமல் தலையை முழங்காலில் புதைப்பது. கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று பலமுறை சொன்னார். படம் கழுவும் மருந்தில் ஊறி, துரைசானியின் விரல்நுனிகள் எல்லாம் பழுப்புக் கறை பிடித்துக் கறுத்திருந்தன. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

“அழத் தெரியுமா, கேளு,” என்றார் மாமியார்.

கேட்டேன். “தெரியுங்க. ஆனா சத்தம் போட்டு வராது. சத்தம் இல்லாம அழுதுதான் பழக்கம்.”

மாமியாருக்கு நான் அதைத் திருப்பிச் சொல்லவேண்டி இருக்கவில்லை. அவர் காதிலும் விழுந்தது. அதற்குமேல் பாடம் எடுக்காமல் எழுந்துபோய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேர் வந்தார்கள். எதிர் வீட்டு மாமி முன்னால். நான் கூடத்திலேயே நிறுத்திப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். மாமி என் தோளைத் தட்டிவிட்டு நேரே கொல்லைக்கு நடந்தார். துக்க வீட்டுக்கு வந்தவர்கள், உட்கார்ந்திருப்பவளைக் கட்டிக்கொண்டு அழுதால்தான் துக்கம் கேட்டதாகும். கட்டிக்கொண்டால் முக்காடு விலகும். மழிக்காத தலை, செம்பட்டை முடி, எல்லாம் தெரிந்துவிடும்.

கிணற்றடியில் நின்றிருந்த மாமியார் அவர்கள் வருவதைப் பார்த்தார். அடுத்த கணம் கிணற்றைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அறைக்குள் நுழைந்து, துரைசானியின் மேல் விழுந்து இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். முக்காட்டின்மேல் தம் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு, ஓலமிட்டு அழ ஆரம்பித்தார். மாமனார் போனபோது நான் இந்த வீட்டில் இல்லை. அன்றைக்கு எப்படி அழுதிருப்பார் என்று அப்போது தெரிந்தது. இத்தனை நாளில் அவர் துரைசானியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. துரைசானியின் முதுகு நடுங்கியது. வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு சத்தம் வந்தது. அதற்கு எந்தப் பாஷையும் இல்லை.

மற்ற இருவரும் வாசற்படியிலேயே குந்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதிர் வீட்டு மாமி மட்டும் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டிக்கொள்ள இடமில்லை. அதனால் முந்தானைக்குள் கையை விட்டு, துரைசானியின் கையை வெளியே இழுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

கதவு வழியே வந்த வெளிச்சம் சரியாக அந்த விரல்கள்மேல் விழுந்தது. போன வருஷம் மாமியைப் படமெடுத்தபோது, அவர் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பியவை இதே விரல்கள்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தது. என்ன சாயம் இது, மருதாணியா என்று மாமி அப்போது கேலி செய்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மாமி அந்தக் கையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

“கை ஜில்லுனு இருக்கு. உள்ள வெச்சுக்கோம்மா,” என்றார். கையை முந்தானைக்குள் திரும்பத் தள்ளி, மேலே புடவையை இழுத்து மூடினார்.

எழுந்து போய்விட்டார்கள். துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொள்ளமாட்டார்கள். ஆகையால் மாமியின் முகத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. மாமியார் அறையிலிருந்து வெளியே வந்து, கிணற்றடியில் நின்று குடம் குடமாகத் தலையில் கொட்டிக்கொண்டார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மந்திரமா, திட்டா, தெரியாது.

தேருக்கு முந்தின நாள் ஒரு ஹெட் கான்ஸ்டபிள் எங்கள் வீதியில் வந்தார். நான் ரேழி ஜன்னலின் கதவிடுக்கில் பார்த்தேன். நேரே எதிர் வீட்டுக்குப் போனார். மாமி வாசலுக்கு வந்தார். கான்ஸ்டபிள் ஏதோ கேட்டார், மாமி ஏதோ சொன்னார். தேருக்கு வடம் கட்டும் ஆட்களின் கூச்சலில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒரு தடவை மாமி மோவாயால் எங்கள் வீட்டைக் காட்டினார். கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்தார். என் கை தாழ்ப்பாள்மேல் இருந்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிழக்கே நடந்தார். திரும்பி வருவார், இன்னும் நாலு பேரோடு வருவார் என்று அன்று முழுவதும் காத்திருந்தோம். அடுப்பு மூட்டவில்லை. துரைசானி பையை மடியில் வைத்துக்கொண்டு, கொப்புளம் ஆறாத காலில் செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை.

தேர் நிலைக்கு வந்த பிறகு பம்பாயிலிருந்து பதில் வந்தது. சங்கம் ஜாமீன் நிற்கிறது, அங்கே வந்து ஆஜரானால் போதும். ஆனால் திருச்சி எல்லையைத் தாண்டும்வரை இங்கத்திய உத்தரவுதான் செல்லும். ஆகவே அவர் அதே நார்மடியில், முக்காட்டோடு, ரயிலில் பெண்கள் பெட்டியில் போவதென்று தீர்மானமாயிற்று. அகத்துக்காரர் லீவு போட்டு அடுத்த பெட்டியில் மெட்ராஸ் வரை போனார்.

புறப்பட்டது காலையில். மொட்டைத்தலை விதவை படியிறங்குகிறாள் என்றால், சகுனம் என்று வீதியில் எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அன்றும் அப்படியே. குதிரை வண்டி நின்றதும் வரிசையாகக் கதவுகள் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. எங்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் யார் செய்திருக்க முடியும்? எதிர் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. மாமி மஞ்சள் பூசிய முகத்தோடு, குங்குமத்தோடு, படியிலேயே நின்று வண்டி முனை திரும்பும்வரை பார்த்தார். வேடிக்கை பார்க்கத்தான் நின்றாரா? அன்று எனக்குப் பயம் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. வண்டி ஸ்டேஷன் சேரும்வரை அவர் உள்ளே போய் யாரிடமாவது சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அகத்துக்காரர் திரும்பி வந்த பிறகுதான் வீட்டில் தாளித்தோம்.

யுத்தம் முடிந்து பம்பாயிலிருந்து ஒரு கார்டு வந்தது. தாயார் பரணிலேயே யுத்தத்தைக் கடந்துவிட்டார், உயிரோடு இருக்கிறார் என்று இங்கிலீஷில் இரண்டு வரி. கீழே தமிழில், எழுத்துக் கூட்டி, ‘பெரியம்மாவுக்குச் சொல்லுங்க’ என்று இருந்தது. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். “புடவையைத் திருப்பித் தர வேண்டாம்னு எழுது,” என்றார்.

எதிர் வீட்டு மாமிக்குத் தெரியுமா, தெரியாதா என்பதை உறுதிசெய்ய நான் முயன்றதுண்டு. பல வருஷம் கழித்து ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது, மெட்ராஸிலிருந்து வந்த அந்தப் பெண் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். “உன் மாமியாரோட அக்கா பொண்ணுதானே? க்ஷேமமா இருக்காளோ?” என்றார். கையிலிருந்த மொச்சையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதைக் கொண்டு எதையும் சொல்ல முடியாது. யாரும் அப்படித்தான் விசாரிப்பார்கள்.

கான்ஸ்டபிளிடம் அவர் என்ன சொன்னார் என்பதற்கு இரண்டு பாடங்கள் உண்டு. மாமி வீட்டுக்குப் பால் கறந்தவர், தாம் மாட்டோடு அங்கே நின்றதாகவும், அது துக்க வீடு, அங்கே போகாதீங்க என்று மாமி சொன்னதாகவும் என்னிடம் கூறினார். மாமியின் தங்கையோ, தேர் வடம் கட்ட எந்தப் பக்கம் இடம் என்று கேட்டுத்தான் போலீஸ்காரர் வந்தார், அதற்காகத்தான் எதிர் வரிசையைக் காட்டினாள் என்றார். பால்காரர் அன்று அந்த நேரத்தில் அங்கே இருந்தாரா என்பதை வேறு யாரும் சொல்லக் கேட்கவில்லை. தங்கை அந்த வருஷம் உப்பிலியபுரத்தில் இருந்தார். மாமியும் இப்போது இல்லை. எந்தப் பாடம் சரி என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.